நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

இன்னும் நிற்கவில்லை. கடைசி வரிசையில், ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மின்னுகிறது, அணைகிறது, மறுபடி மின்னுகிறது, இங்கே என் நாற்காலியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அதன் முன்னால் அந்தப் பெண் பூமாரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கிடைக்காதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் அவளை அப்படி உட்கார வைத்துவிட்டு வந்தேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்றால் அதுதானே வேலை, பிராக்டிகல் பரீட்சைக்கு வேறு கல்லூரியிலிருந்து கார் வைத்துக் கூட்டி வருவார்கள், மத்தியானம் பிரியாணி போடுவார்கள், அப்புறம் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று, எங்கே ஓட்டிக் காட்டு என்று சொல்ல வேண்டும், ஓடினால் ஒரு டிக், ஓடாவிட்டால் உதட்டைப் பிதுக்க வேண்டும். பூமாரியின் பின்னால் நின்று, பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஐந்து எண்களைக் கொடும்மா என்றேன், கொடுத்தாள், இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டாத கடைசி எண் எது என்று கேள் என்றேன், தட்டினாள். நாற்பது என்று வர வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். கண் இமைப்பதற்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அந்தக் கோடு மட்டும் மின்னியது. அவள் என்னை அண்ணாந்து பார்த்து, இது நிக்குமா மேடம் என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் பாருங்கள். எந்த ப்ரோக்ராமைக் கொடுத்தாலும் அது ஒருநாள் நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற பொதுவான வழி ஒன்று இருக்கவே முடியாது, இதைத்தானே இத்தனை வருஷமாக என் கல்லூரியில் நடத்திச் சம்பளம் வாங்குகிறேன். பலகை நிறைய எழுதி, புடவையெல்லாம் சாக்பீஸ் தூளோடு திரும்பி நின்று, ஆகவே முடியாது என்று முடிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும், அந்த அமைதிக்காகவே நான் வேலைக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். பூமாரியிடம் என்ன சொன்னேன். வெயிட் பண்ணு என்றேன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சொல்வது போல. சொல்லிவிட்டு நிமிர்ந்த தலை குனியாமல் வந்து உட்கார்ந்து டீயை எடுத்தேன், டீ ஆறியிருக்கிறது, தட்டில் முந்திரி பிஸ்கட், தரை சில்லென்றிருக்கிறது. தூசி சேரும் என்று எந்தக் கல்லூரி லேபிலும் செருப்பை வெளியே விடச் சொல்லிவிடுவார்கள், டாக்டர் பட்டம் வாங்கினவளானாலும் உள்ளே வெறுங்கால்தான். சுகர் வந்த காலுக்கு இந்தக் குளிர் ஆகாது. விரல்களைப் புடவைக் கரைக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறேன். யாரும் பார்க்கவில்லை.

அவள் ஏதோ தப்பாகத்தான் அடித்திருப்பாள், பிள்ளைகள் புள்ளியை விட்டுவிடும், அடைப்பை மூடாது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவசரம். இப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி, உடனே அந்த நிம்மதியைப் பற்றி ஒரு கூச்சம், ஏனென்றால் அவள் எங்கே தப்பு விட்டிருக்கிறாள் என்று அவளுடைய திரையைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இதைச் சத்தம் போட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் துறைத் தலைவி டாக்டர் வயலட்டுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வீட்டில் இது ஒரு பழைய வேடிக்கை, கொழுந்தனார் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வந்து உட்கார்ந்ததும், மைனி, பிரிண்டர் மக்கர் பண்ணுது, நீங்க அதுலதான டாக்டரு என்பார், நானும் சளைக்காமல், சமையல் குறிப்பு எழுதுகிறவள் அடுப்பு ரிப்பேர் பார்ப்பாளா என்று திருப்பிக் கொடுப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள், என் வீட்டுக்காரர் அதிகமாகச் சிரிப்பார், நான் ரோஸ் குக்கீஸ் எடுத்து வருகிற சாக்கில் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். அடுப்பு ரிப்பேர் என்பது வேறு, நான் எழுதின குறிப்பை வைத்து ஒருநாளாவது நானே சமைத்துப் பார்த்திருக்கிறேனா என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தெரியாது அவருக்கு, நல்லவேளை. நாங்கள் படிக்கிற காலத்தில் கல்லூரிக்கு ஒரே ஒரு குளிரூட்டின அறை, அதற்குள் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் மூன்று பேருக்கு ஒரு மெஷின், பக்கத்தில் உட்கார்ந்த பையன்களின் விரல்கள்தான் விசைகளின் மேல் இருக்கும், நான் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து தாளில் எழுதுவேன். தாளில் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பரீட்சையிலும் தாளில்தானே எழுத வேண்டும், ப்ரோக்ராமையும் எழுதி, அது ஓடியிருந்தால் என்ன வந்திருக்குமோ அதையும் அவுட்புட் என்று தலைப்புப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, நாமே எழுதிவிட வேண்டும். திருத்துகிறவரும் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்து டிக் போடுவார். ஓடாத ப்ரோக்ராமுக்கு முழு மார்க் வாங்கி வாங்கித்தான் நான் கோல்டு மெடல் வாங்கினேன். அப்புறம் ஆராய்ச்சி, அதிலும் தேற்றம், நிரூபணம், மெஷினே வேண்டாம், ஒரு பேனா போதும். அப்புறம் வேலை, லேப் என்று வந்தாலே ஜூனியர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் அதை ஏதோ பெருந்தன்மை மாதிரி விட்டுக்கொடுப்பேன். ஒருநாள் எல்லோரும் போன பிறகு என் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னதை, இரண்டு எண்ணைக் கூட்டுகிறதை, எழுதி ஓட்டப் பார்த்தேன். சிவப்பாக ஏதேதோ வரிகள் வந்தன. அணைத்துவிட்டேன், யாரோ எட்டிப் பார்த்துவிட்டது போலத் திரும்பிக் கதவைப் பார்த்தேன். அதற்கப்புறம் தொடவில்லை. என்ன செய்வது, அது ஓர் உலகம், இது ஓர் உலகம் என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

ஐயாத்துரை சார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார், இவர்தான் இந்தக் கல்லூரி ஆள், இன்டர்னல் எக்ஸாமினர், மார்க் ஷீட்டையும் சிவப்புப் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். பூமாரி நல்ல பிள்ளைதான் என்கிறார். போன வருஷம் இந்த லேப் பரீட்சை அன்றைக்கு மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாளாம், அதனால் இது ஒன்றுதான் அரியராக நிற்கிறதாம், சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் அடுத்த மாதம் சேரும்போது எல்லாப் பேப்பரும் பாஸ் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆஃபர் கேன்சல், அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவர். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் எரிச்சல் வருகிறது, பரிதாபப்பட்டு மார்க் போடச் சொல்கிறாரோ. அப்படியில்லை, அவர் சொல்வது ஒழுங்கான வழிதான். டப்பாவுக்குள் கைவிட்டு லாட்டில் எடுத்த கேள்வி வரவில்லை என்றால் வேறு சீட்டு எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பத்து மார்க் வெட்டு, எல்லாக் கல்லூரியிலும் உள்ள வழக்கம். அவளிடம் கேட்டாராம். மாற்ற மாட்டேன் என்கிறாளாம். எழுதினது சரியாகத்தான் இருக்கிறது சார், எங்கே தப்பு என்று தெரிந்தால் போதும் என்கிறாளாம். இப்போது மாற்றினாலும் புதிதாக எழுதி முடிக்க நேரம் போதாது. "என்ன மேடம் செய்ய, அவுட்புட்டுக்கு ஜீரோ போட்டிருவமா?" என்று பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். அவுட்புட்டுக்கு ஜீரோ என்றால் பெயில், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், கடைசி வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற அவளுக்கும் தெரியும், அவளுடைய ரெட்டைச் சடையின் ரிப்பன் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடக்கிறது, அதைக் கட்டக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. கேள்விச் சீட்டைக் கொடுங்கள் பார்க்கலாம் என்றேன். நேரத்தைப் போக்கத்தான் கேட்டேன், சத்தியமாக. சீட்டைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் கேவலம். என் எழுத்து. என் வாக்கியம்.

அச்சடித்திருந்தாலும் நம் வாக்கியம் நமக்குத் தெரியாமல் போகுமா. போன சீசனில் பல்கலைக்கழகத்தில் கேள்வி வங்கிக்கு ஆள் கூப்பிட்டார்கள், நான் என் லெட்டர் பேடில் கையால் எழுதினேன், எங்கள் ஜூனியர் ஜெனிட்டாதான் அதை டைப் அடித்துத் தந்தாள். ஏறுவரிசையில் எண்கள், கொடுத்த எண்ணைத் தாண்டாத கடைசி எண்ணைக் கண்டுபிடி, இதோ வழிமுறை, இதை ப்ரோக்ராமாக எழுது. வழிமுறை என்ன பெரிய வழிமுறை, தேடுகிற இடத்தின் நடுவைப் பார், நடுவில் இருக்கிற எண் தாண்டவில்லை என்றால் நடுவிலிருந்து மேலே தேடு, தாண்டிவிட்டது என்றால் நடுவுக்கு முந்தினதிலிருந்து கீழே தேடு, ஒரே இடம் மிஞ்சும்வரை செய். கீழே நானே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் தேடும் இடம் பாதியாகக் குறைவதால் இது நின்றே தீரும் என்பது தெளிவு. தெளிவு. அந்தச் சொல்லை எழுதியபோது இருந்த சுகம்கூட ஞாபகம் வருகிறது. ஜெனிட்டா டைப் அடித்து முடித்து, மேடம், ஒருதரம் ஓட்டிப் பாத்திருவமா என்றாள். நிரூபிச்சதை எதுக்கும்மா ஓட்டிப் பாக்கணும் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், ஒரு பெரிய விஷயத்தைச் சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிற தோரணையில். நிரூபிச்சதை எதுக்கும்மா. அவள் தலையாட்டினாள், பாவம், நான் அவளுடைய துறைத் தலைவி. ஆனால் சரி பார்க்காமலும் இல்லை, தாளில் பார்த்தேனே, இதே பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பதுதான், முப்பத்தைந்தைத் தாண்டாத கடைசி எண், முப்பது வந்தது, நின்றது, அழகாக நின்றது. முப்பத்தைந்து ஏன் வந்தது என்றால் பள்ளிக்கூடத்துப் பாஸ் மார்க் முப்பத்தைந்து, வாத்தியார் வேலை பார்க்கிறவர்களின் கைக்குத் தானாக வருகிற எண் அது. இன்றைக்கு நாற்பத்தைந்து ஏன் சொன்னேன். ஏதோ வாயில் வந்தது. இந்தப் பரீட்சையின் பாஸ் மார்க் அது. சரி, நாற்பத்தைந்துக்குப் பார்ப்போம், ஐயாத்துரை சார் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார், பார்க்கட்டும், நான் மேஜைக்கு அடியில் புடவை மடிப்பில் விரலால் போடுகிறேன். ஐந்து இடங்கள். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடு மூன்று, அங்கே முப்பது, தாண்டவில்லை, மூன்றிலிருந்து மேலே. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடு நாலு, அங்கே நாற்பது, தாண்டவில்லை, நாலிலிருந்து மேலே. நாலுக்கும் ஐந்துக்கும் நடு நாலரை. நாலரை. நாலரை என்று ஓர் இடம் இல்லை. தாளில் நடு என்று எழுதிவிட்டால் நடு இருக்கும், மெஷினில் நாலாவது பெட்டி உண்டு, ஐந்தாவது பெட்டி உண்டு, நாலரையாவது பெட்டி கிடையாது, அது அந்த அரையை உதறிவிட்டு நாலு என்று எடுத்துக்கொள்ளும், நாலில் நாற்பது, தாண்டவில்லை, நாலிலிருந்து மேலே, நாலுக்கும் ஐந்துக்கும் நடு, அரையை உதறு, நாலு. மறுபடி நாலு. செக்குமாடுகூட ஒரு வட்டம் சுற்றும், இது நின்ற இடத்திலேயே நடக்கிறது. முதல் வகுப்பு முதல் நாளில் எந்தப் பிள்ளைக்கும் சொல்கிற விஷயம் இது, முழு எண்ணை வகுத்தால் மீதி போய்விடும், நானே சொல்லியிருக்கிறேன், பலகையில் எழுதிக்கூடப் போட்டிருக்கிறேன். பாதியாகக் குறைவது தெளிவு. கரண்ட் போய்விட்டால் நன்றாயிருக்கும், யு.பி.எஸ். வேறு வைத்திருக்கிறார்கள், அது உர்ரென்று உறுமிக்கொண்டே இருக்கிறது. முப்பத்தைந்துக்கு ஏன் நின்றது. ஏனென்றால் அதில் நாலு தாண்டிவிட்டது, கீழே இறங்கிவிட்டது, நாலும் ஐந்தும் தனியாக மிஞ்சவே இல்லை. அதிர்ஷ்டம். நான் நிரூபணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அதிர்ஷ்டம். பூமாரி ஒரு புள்ளியைக்கூட விடவில்லை, நான் எழுதினதை எழுதினபடியே எழுதியிருக்கிறாள்.

ஜீரோவா மேடம் என்று இரண்டாம் தடவை கேட்கிறார். ஒரு நிமிஷம் என்கிறேன், காது சூடாகிறது, கால் மட்டும் இன்னும் பனிக்கட்டி, ஒரே உடம்பில் இரண்டு ஊர். யோசி வயலட். பூமாரிக்குப் போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, நடுவைக் கணக்குப் போடும்போது ஒன்று கூட்டிக்கொண்டு வகுத்தால் நாலரை ஐந்தாகும், ஐந்தில் ஐம்பது, தாண்டிவிட்டது, கீழே இறங்கி நாலில் நின்றுவிடும், அவ்வளவுதான், ஒரே ஒரு ஒன்று. கேள்வி தப்பு என்று யாருக்கும் தெரிய வேண்டாம். அவளுக்கு மார்க், எனக்கு மானம், பாம்பும் சாகணும் கம்பும் முறியக் கூடாது. நினைத்து முடிப்பதற்குள் அவன் ஞாபகத்துக்குள் வந்துவிட்டான். கூப்பிடாமலேயே வருவான் என்று தெரிந்துதான் இவ்வளவு நேரமும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. முந்தாநாள் சாத்தூர் பக்கம் இன்னொரு கல்லூரியில் இதே வேலைக்குப் போயிருந்தேன், அங்கே ஒரு பையனுக்கு இதே கேள்வி வந்தது, அப்போதும் உள்ளுக்குள் ஒரு பெருமை, நம் கேள்வி என்று, அவனுடைய திரையிலும் இதே வெள்ளைக் கோடு. தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். நிறுத்தி நிறுத்தி மறுபடி ஓட்டினான், சீட்டை எடுத்து எழுத்தெழுத்தாகத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தான், விரல் வைத்து, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி. நான் பின்னால் நின்றேன். அவுட்புட் இல்லாம மார்க் கேட்டா எப்படி என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில். அவன் கேட்கவே இல்லையே மார்க். எழுந்து நின்று, சாரி மேடம் என்றான். என்னிடம். அவன் என்னிடம் சாரி என்றான். நான் பெரிய மனது பண்ணி, பரவாயில்லை, அடிப்படையை நல்லாப் படி, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று புத்தி வேறு சொன்னேன். அடிப்படையை. ஜீரோ போட்டு, கையெழுத்துப் போட்டு, அந்தக் கல்லூரிக்காரர்கள் கொடுத்த காராச்சேவு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன், இன்னும் பாதி வீட்டில் இருக்கிறது, நேற்று ராத்திரி அதைத் தின்றுகொண்டுதான் சீரியல் பார்த்தோம். இந்தச் சீட்டு இன்னும் எத்தனை கல்லூரியில் எத்தனை டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறதோ. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்லும்போது, எல்லோரும் சேர்ந்து, நாங்கள், எங்கள் என்று பன்மையில் சொல்கிறோம், அதனால்தான் அது அவ்வளவு லேசாக இருக்கிறது. நான் என்று சொல்லிப் பார். சொல்லு. நாக்கு எழும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் தேட வேண்டியதில்லை, வெட்கம்தான், நடுத்தெருவில் புடவை அவிழ்ந்தால் வருமே அது.

எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று முடிவு பண்ணாமலேயே எழுந்துவிட்டேன், கால்கள் தாமாகக் கடைசி வரிசைக்குப் போகின்றன, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கு முன்னாலும் ஒரு முதுகு நிமிர்கிறது. பூமாரி எழுந்து நிற்கப் பார்த்தாள், தோளைத் தொட்டு உட்கார்த்தினேன், தோள் எலும்பாக இருக்கிறது, காமாலை உடம்பு இன்னும் தேறவில்லை. திரையில் அவளுடைய வரிகள். என் வரிகள். நடுவைக் கணக்குப் போடுற இடம் எங்கே என்று கேட்டேன், விரலால் காட்டினாள், வகுக்கிறதுக்கு முன்னாடி ஒன்று கூட்டு என்றேன். குரல் திடமாகத்தான் வந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டினாள், ஓட்டினாள், ஐந்து எண்களை அடித்தாள், நாற்பத்தைந்து என்று அடித்துவிட்டு விசையிலிருந்து கையை எடுக்கப் பயந்தாள், நானும்தான், ஏனென்றால் நான் இப்போதும் புடவை மடிப்பில்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன், இதை நான் ஓட்டியதில்லை. நாற்பது. வந்துவிட்டது. நின்றுவிட்டது. அவள் ஒரு மூச்சு விட்டாள், அழவில்லை, முகம் முழுக்க எண்ணெய் வடிந்த மாதிரி பளபளவென்று திரும்பி, எப்பிடி மேடம், கீபோர்டத் தொடாமலே கண்டுபிடிச்சிட்டீங்க என்றாள். பக்கத்து முதுகுகள் திரும்பின. ஐயாத்துரை சார் அதற்குள் வந்துவிட்டார், அதான் டாக்டரு, சும்மாவா என்று பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். வாழ்நாளில் ஒரு லேபுக்குள் என்னை யாராவது இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேனா. எத்தனை வருஷமாக ஆசைப்பட்டது. அது வந்து என்மேல் விழுந்தபோது உடம்பு முழுக்கக் கூசியது. போய்விடலாம், இத்தோடு போதும், அவளுக்கு மார்க் வந்துவிட்டது, திரும்பி நட. ஆனால் அவள் விடவில்லை, சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்குகிறாள், இதில் ஒன்று கூட்டச் சொல்லவில்லையே மேடம், நான் எந்த இடத்தில் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று கேட்கிறாள். தான் தப்பாகப் புரிந்துகொண்டதாம். ஐயாத்துரை சார் சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"கேள்வியே தப்புல்லா மேடம். எவனோ தியரி ஆளு, கீபோர்டத் தொடாதவன், வீட்டுல உக்காந்து எழுதிக் குடுத்துட்டான். ஒருதரம் ஓட்டிப் பாத்திருந்தாம்னா தெரிஞ்சிருக்கும்." பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கொழுந்தனாருக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு, என் வாய் தானாக விரிந்தது, என் சத்தம் என் காதில் விழுந்தது, எல்லோருக்கும் கடைசியில் நான் ஒருத்தி சிரித்து முடித்தேன். பாதி வெளியே வந்துவிட்டது, கேள்வி தப்பு என்பது பாதி, மிச்சப் பாதியை உதறிவிட்டு அப்படியே நிற்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அவர் மார்க் ஷீட்டை நீட்டினார், பூமாரியின் பெயருக்கு நேரே முழு மார்க், நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், நீங்க போன வேற சென்டர்ல இந்தக் கேள்வி வரலையா மேடம், அங்கயும் பிள்ளைக முழிச்சிருக்கணுமே. வரவில்லை என்றால் வரவில்லைதான், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். வாயைத் திறந்தேன், வரல என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்தது, அப்போது பூமாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தேகமே இல்லாத கண், அதுதான் பொறுக்கவில்லை.

"ஒரு பையனுக்கு வந்துச்சு சார். ஓடல. ஜீரோ போட்டு அனுப்பிச்சிட்டேன்," என்றேன். அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார், அதற்குமுன் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக, "கேள்வி எழுதுனதும் நான்தான்," என்றேன். சொல்லியாயிற்று. ஆகாயம் இடிந்து விழவில்லை, யு.பி.எஸ். உறுமிக்கொண்டிருந்தது, ஐயாத்துரை சார் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார், பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, தியரி ஆளு என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று தங்கள் தங்கள் திரையைப் பார்த்தார்கள். பூமாரி மட்டும் பார்வையை எடுக்கவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அவிழ்ந்த ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டே, மெதுவாக, என்னைக் குற்றம் சொல்கிற நினைப்பே இல்லாமல் சொன்னாள்.

"தனக்கு ப்ரோக்ராமே வராதுன்னு நெனச்சிருப்பான் மேடம் அவன். நானும் இவ்வளவு நேரம் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செருப்பு அங்கே குவியலில் எங்கேயோ கிடக்கிறது, தேடவில்லை, வராந்தாவைத் தாண்டினால் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை, உள்ளங்கால் சுடுகிறது, நிழலுக்குப் போகத் தோன்றவில்லை. முதலில் அவன், பல்கலைக்கழகத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அங்கே என்ன கேட்பார்கள், இனிமேல் கூப்பிட மாட்டார்கள், ஜெனிட்டாவுக்குத் தெரியும், தெரியட்டும், அவளிடம் நானே சொல்ல வேண்டும், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், அப்புறம், எல்லாம் அப்புறம். சாத்தூர்க் கல்லூரி நம்பரைத் தேடி எடுத்து அழுத்திவிட்டேன். மணி போகிறது. எடுப்பார்கள், யார் என்று கேட்பார்கள், சொல்லிவிடலாம், என்ன விஷயம் என்று கேட்பார்கள், அதையும் இப்போது சொல்லிவிட முடியும் போலிருக்கிறது. அப்புறம் எந்தப் பையன் மேடம் என்று கேட்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கழுத்துப் பொத்தான்வரை. பிராக்டிகலுக்கு எல்லாப் பையன்களும் வெள்ளைச் சட்டைதான். மணி போய்க்கொண்டே இருக்கிறது. அவன் சாரி சொன்னது காதில் இருக்கிறது, அவன் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை.